கொள்ளைநோய்க் காலத்து அச்சமும் கிறிஸ்தவ விசுவாசமும்

கொள்ளைநோய் பரவும் ஊரை விட்டு ஒரு கிறிஸ்தவர் ஓடிப்போகலாமா என்ற கேள்வி திருச்சபையின் வரலாற்றில் பலமுறை எழுந்திருக்கிறது. கடவுளின் பராமரிப்பு, மருத்துவம், மரணம், அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று பல விஷயங்கள் அதில் வந்து பின்னிக்கொள்கின்றன. விசுவாசம் உள்ளவருக்குப் பயம் வரலாமா என்பது அதன் அடியில் கிடக்கும் இன்னொரு கேள்வி. 3ஆம் நூற்றாண்டின் கார்த்தேஜ் நகரம் முதல் 17ஆம் நூற்றாண்டின் ஓர் இங்கிலாந்துக் கிராமம் வரை கிடைக்கும் சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். பயப்படுவது குறை என்ற எண்ணம் தளர்ந்து, பயத்தோடிருக்கும் மனிதர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற விசாரணை மேலே வருகிறது.

இந்த விவாதம் முழுவதற்கும் அடிநிலமாக இருப்பவை வேதாகமத்தின் இரண்டு பகுதிகள். முதலாவது, 91ஆம் சங்கீதம். கடவுளை அடைக்கலமாகக் கொண்டவரைக் கொள்ளைநோய் அணுகாது என்று உறுதி சொல்லும் பாடல் அது. நோய்க் காலங்களில் கிறிஸ்தவ வீடுகளில் மிகுதியாக ஓதப்படுவதும் அதுவே. ஆனால் மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இதே சங்கீதத்தை எடுத்துப் பேசுபவன் சோதனைக்காரன். தேவாலய உச்சியிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அவன் சொல்ல, கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று இயேசு மறுக்கிறார். வாக்குறுதியை நம்புவதும், அந்த வாக்குறுதியைச் சாக்கிட்டு ஆபத்தில் குதிப்பதும் வெவ்வேறு என்ற வரையறை இங்கேதான் பிறக்கிறது. பிற்காலத்தில் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் மருந்தையும் விலகியிருத்தலையும் ஆதரித்துப் பேசியபோது, கடவுளைப் பரீட்சை பார்த்தல் என்ற இந்தக் கருத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டார்.

இரண்டாவது பகுதி கெத்செமனே தோட்டம். சாவு நெருங்கும் இரவில் இயேசு வியாகுலப்படுகிறார். அந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடுகிறார். நற்செய்தியாளர்கள் இதை மறைக்கவில்லை. பயமே அவிசுவாசம் என்று சொல்லும் எந்தப் போதனையும் இந்தத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

ரோமப் பேரரசை ஏறத்தாழ கி.பி. 250 முதல் பல ஆண்டுகள் உலுக்கிய கொள்ளைநோய்க்கு இன்று சிப்ரியான் கொள்ளைநோய் என்று பெயர். கார்த்தேஜ் நகர ஆயரான சிப்ரியான் அதன் அறிகுறிகளை விவரமாக எழுதிவைத்ததால் வந்த பெயர் அது. நிற்காத வயிற்றுப்போக்கு, வாந்தி, தொண்டைப் புண், இரத்தம் கட்டிச் சிவந்த கண்கள், சிலருக்கு அழுகும் கால்கள், சிலருக்குப் போகும் பார்வை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. என்ன நோய் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. இந்த நோயின் நடுவே, கி.பி. 252ஐ ஒட்டி, சாவைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அவருடைய சபையாரை வாட்டிய சந்தேகம் மிக எளியது: சிலைகளை வணங்குகிறவர்களும் சாகிறார்கள், நாமும் சாகிறோம், அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன்? உடல் இருக்கும்வரை உடலுக்கு வருவதெல்லாம் எல்லாருக்கும் பொது என்பது சிப்ரியானின் விடை. பஞ்சம் வந்தால் கிறிஸ்தவர் வயிறு தனியாக நிறைவதில்லை, கப்பல் உடைந்தால் கிறிஸ்தவர் மட்டும் மிதப்பதில்லை என்ற பாங்கில் அவர் வாதம் போகிறது. விசுவாசம் நோய்க்குத் தடுப்பு என்ற எண்ணத்தை இத்தனை வெளிப்படையாகக் கைவிட்ட ஆயர் அந்தக் காலத்தில் அரிது.

அந்த நூலின் சிறந்த பகுதி, நோயை ஒரு விசாரணையாக அவர் காட்டும் இடம். நலமாக இருப்பவர் நோயாளியைக் கவனிக்கிறாரா, உறவினர் உறவினரை நேசிக்கிறாரா, எசமானர் தளர்ந்த அடிமைக்கு இரங்குகிறாரா, மருத்துவர் கெஞ்சும் நோயாளியைக் கைவிடாமல் இருக்கிறாரா என்று ஒவ்வொருவரையும் அவரவர் நிலையில் வைத்துக் கேட்கிறார். 1,275 ஆண்டுகளுக்குப் பின் லூத்தர் கேட்கப்போகும் கேள்விகளின் முதல் வடிவம் இது. ஆனால் சிப்ரியான் அங்கே நிற்கவில்லை. சாவுக்கு அஞ்சுவது விண்ணகத்தை விரும்பாதவரின் அடையாளம் என்கிறார். இறந்தோருக்காகக் கறுப்பு உடுத்துவதையும் கண்டிக்கிறார். சாக அஞ்சிய ஒரு குருவைக் காட்சியில் தோன்றிய இளைஞர் கடிந்துகொண்ட கதையைச் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்தப் பக்கங்கள் ஆறுதலாக இருந்திருக்குமா என்பது ஐயமே. இத்தனைக்கும் 250இல் தேசியுஸ் பேரரசனின் வேதகலாபனையின்போது இதே சிப்ரியான் நகரை விட்டு விலகி மறைந்திருந்தவர். அதற்காக ரோமிலிருந்து விமர்சனமும் வாங்கியவர். தம் மந்தைக்குத் தாம் உயிரோடு தேவை என்பது அன்று அவர் சொன்ன நியாயம். 258இல் அவர் ஓடவில்லை. செப்டம்பர் 14ஆம் நாள் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

அதே காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ் எழுதிய பாஸ்கா மடல், எவுசேபியுஸின் திருச்சபை வரலாற்றில் 7ஆம் நூலில் காக்கப்பட்டிருக்கிறது. குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுநிலையினரும் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, இறந்தோரைக் கழுவி அடக்கம் செய்து, பிறகு தாங்களும் மடிந்ததை அவர் சொல்கிறார். அந்தச் சாவை இரத்தசாட்சியத்துக்கு இணையாக வைக்கிறார். பிற சமயத்தார் தங்கள் நோயாளிகளை உயிர் போகுமுன்பே தெருவில் எறிந்தார்கள் என்றும் எழுதுகிறார். இந்தப் பின்பகுதியைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். எதிர்த்தரப்பின் சாட்சியம் நம்மிடம் இல்லை, மேலும், கி.மு. 430இன் ஏதென்ஸ் கொள்ளைநோயில் நண்பர்களைப் பார்க்கப் போய் இறந்தவர்களைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். இரக்கம் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தாகவும் இருந்ததில்லை. எனினும், நோயாளிப் பணியை ஓர் அமைப்பாகவே கிறிஸ்தவர்கள் ஆக்கினார்கள் என்பது உறுதி. அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைக் கவனிக்கும் பரபோலானி என்ற குழுவின் எண்ணிக்கையை 416இல் 500 என்றும், 418இல் 600 என்றும் பேரரசின் சட்டம் வரையறுத்தது. அவர்கள் நகர அரசியலில் அடிதடிப் படையாகவும் மாறியதால்தான் அந்தச் சட்டமே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில், தண்ணீரும் கஞ்சியும் கொடுக்கும் எளிய பராமரிப்பே பலரைப் பிழைக்க வைத்திருக்கும், கிறிஸ்தவம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வாதிட்டார்.

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் இந்த மரபு தோற்றுப்போன இடம். பயம் இங்கே வெறுப்பாக உருமாறியது. கிணறுகளில் யூதர்கள் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி பரவியது. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நகருக்கு அப்போது நோய் வந்துசேரவே இல்லை. திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1348இல் ஆணைமடல் விடுத்து, யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்கள் இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறது என்று தெளிவான தர்க்கத்தோடு அந்தப் பழியை மறுத்தார். அதை மதித்தவர்கள் குறைவு. சாட்டையால் தங்களையே அடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த கூட்டங்களையும் 1349 அக்டோபரில் அவர் தடைசெய்ய வேண்டியிருந்தது.

குருக்கள் பலர் ஓடினார்கள். நோயாளிகளிடம் போன பலர் இறந்தார்கள். இரண்டு வழியிலும் பங்குகள் காலியாயின. இங்கிலாந்தில் பாத் அண்டு வெல்ஸ் ஆயர் ரால்ஃப் 1349 ஜனவரியில் அனுப்பிய சுற்றுமடலில், குரு கிடைக்காத இடத்தில் சாகக் கிடப்பவர் ஒரு பொதுநிலையினரிடமே பாவ அறிக்கை செய்யலாம், ஆண் இல்லையென்றால் பெண்ணிடமும் செய்யலாம் என்று அனுமதித்தார். சாதாரணக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத சலுகை. அந்தக் காலத்தின் மிக நேர்மையான குரல் ஒரு மருத்துவருடையது. அவிஞ்ஞோனில் திருத்தந்தையின் மருத்துவராக இருந்த கை தெ ஷோலியாக், அவப்பெயருக்கு அஞ்சித்தான் ஓடாமல் இருந்ததாகவும், எந்நேரமும் நடுங்கிக்கொண்டே நோயாளிகளைப் பார்த்ததாகவும் 1363இல் முடித்த தம் அறுவை மருத்துவ நூலில் எழுதிவைத்தார். நோய் அவரையும் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். நின்றதற்கு அவர் விசுவாசத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு கூடுகிறது.

1527 ஆகஸ்டில் விட்டன்பர்க் நகருக்குக் கொள்ளைநோய் வந்தது. சாக்சனியின் ஆட்சியாளர் யோஹான், லூத்தரையும் மற்றப் பேராசிரியர்களையும் யேனா நகருக்குப் போகும்படி 10ஆம் தேதி உத்தரவிட்டார். பல்கலைக்கழகம் போனது. லூத்தரும், நகரப் போதகர் யோஹன்னஸ் புகன்ஹாகனும் தங்கிவிட்டார்கள். லூத்தர் அப்போது திடமான நிலையில் இருந்தவர் அல்லர். ஜூலை மாதம்தான் கடும் நோயில் விழுந்து எழுந்திருந்தார். அதைத் தொடர்ந்த மனச்சோர்வு பல மாதங்கள் அவரை விடவில்லை. மனைவி கத்தரீனா கர்ப்பவதி. கைக்குழந்தை ஹான்ஸும் நோயுற்றான். அவர்கள் குடியிருந்த பழைய அகஸ்தினார் மடம் நோயாளிகள் தங்கும் இடமாகவே ஆகிப்போனது. நகரத் தலைவரின் மனைவி ஏறத்தாழ லூத்தரின் கைகளிலேயே உயிர்விட்டார். நோய் கடுமையாக இல்லை, ஆனால் மக்களின் ஓட்டமும் திகிலும் வியப்பூட்டுகின்றன என்று நண்பர் ஸ்பலாத்தீனுக்கு அவர் எழுதினார். டிசம்பர் 10ஆம் தேதி மகள் எலிசபெத் பிறந்தாள். எட்டு மாதம்கூட நிறையாமல், 1528 ஆகஸ்டில் இறந்தாள்.

இந்தச் சூழலில்தான் ப்ரெஸ்லாவ் நகரப் போதகர் யோஹான் ஹெஸ் முன்பே அனுப்பியிருந்த கேள்விக்கு, சாவுக்குத் தப்பி ஓடலாமா என்ற தலைப்பில் லூத்தர் பதில் மடல் எழுதி அச்சிட்டார். ஹெஸ்ஸின் நகரம் 1525இலேயே நோயைக் கண்டது. இன்று அது போலந்தில் இருக்கிறது. மடல் தாமதமாகப் போனதற்கு லூத்தரின் உடல்நிலையும் ஒரு காரணம்.

மடலின் தொடக்கமே எதிர்பாராதது. ஓடவே கூடாது என்று சொல்லும் திடவிசுவாசிகளை அவர் மெச்சுகிறார். ஆனால் அந்தத் திடத்தை எல்லார் தலையிலும் சுமத்த மறுக்கிறார். உயிரைக் காத்துக்கொள்ள ஓடும் இயல்பைக் கடவுளே மனிதருக்குள் வைத்தார் என்பது அவர் நிலை. யாக்கோபு ஏசாவுக்குத் தப்பி ஓடினார், தாவீது சவுலுக்குத் தப்பினார், எலியா யேசபேலுக்குத் தப்பினார் என்று வேதாகமத்தின் ஓட்டங்களை அடுக்குகிறார். நோய் கடவுளின் தண்டனை, ஆகவே விலகக் கூடாது என்பவர்களை அவர் மடக்கும் விதம் சுவையானது. அப்படியானால் வீடு பற்றி எரியும்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். ஆற்றில் விழுந்தவன் நீந்தக் கூடாது. பசித்தவன் உண்ணக் கூடாது. தீமையிலிருந்து இரட்சியும் என்று கர்த்தருடைய ஜெபத்தில் கேட்பதையும் விட்டுவிட வேண்டும். நெருப்பும் வெள்ளமும் பசியும் தண்டனைகள் என்றால் அவற்றுக்கு ஒரு நியாயம், நோய்க்கு இன்னொரு நியாயமா?

ஓடும் உரிமையை இவ்வாறு நிலைநாட்டிவிட்டு, யாருக்கு அந்த உரிமை இல்லை என்று வரிசைப்படுத்துகிறார். சாகக் கிடப்பவருக்கு வசனமும் திருவிருந்தும் கொடுக்க வேண்டிய போதகர். ஊரை ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய நகரத் தலைவரும் நீதிபதியும். பிள்ளைகளை விட்டுப் பெற்றோர், பெற்றோரை விட்டுப் பிள்ளைகள். எசமானரை விட்டு வேலையாள், வேலையாளை விட்டு எசமானர். கடைசி இணை கவனிக்கத் தக்கது. நோயுற்ற பணியாளைத் தெருவில் விடும் வீட்டுக்காரரையும் அவர் அதே தட்டில் வைக்கிறார். இந்தக் கட்டு இல்லாதவர்களும், தங்கள் இடத்தில் போதிய ஆள் வைத்துவிட்டவர்களும் தாராளமாகப் போகலாம். போதகர்கள் பலர் இருந்தால் சிலர் தங்கினால் போதும். அண்டை வீட்டார் ஒருவர் வேறு துணையில்லாமல் கிடந்தால் மட்டும் எவரும் போக முடியாது. நோயாளியில் கிறிஸ்துவே கிடக்கிறார் என்ற மத்தேயு 25ஆம் அதிகாரத்தை அங்கே காட்டுகிறார். அருவருப்பும் நடுக்கமும் வரும் என்பதை அவர் மறுப்பதில்லை. அவற்றைப் பிசாசின் வேலை என்கிறார். அவனோடு வழக்காடுவது எப்படி என்று ஏறக்குறைய நாடக வசனம்போல எழுதிக் காட்டுகிறார்.

மறுபக்கத்தில், பயமே இல்லாதவர்களிடம் அவர் காட்டும் கோபம் இன்னும் பெரியது. மருந்தை ஒதுக்குவது, நோயுள்ள வீடுகளில் வீம்புக்கு நுழைவது, தேவையில்லாத இடத்துக்குப் போவது ஆகியவை விசுவாசம் ஆகா. கடவுளைப் பரீட்சை பார்த்தல் அது. தன்னைத் தானே கொல்வதற்கும், தன்னால் தொற்றுப் பெற்றவரைக் கொல்வதற்கும் அது சமம் என்கிறார். வீட்டுக்குப் புகை போட வேண்டும், மருந்து உட்கொள்ள வேண்டும், காற்றோட்டம் வேண்டும், தேவையில்லாத இடத்தையும் ஆளையும் விலக்க வேண்டும், நோயிலிருந்து எழுந்தவரும் அவசரப்பட்டு மற்றவர்களோடு கலக்கக் கூடாது. நோய்க்கிருமி என்ற கருத்தே இல்லாத காலம் அது. மடலின் கடைசிப் பகுதி நிர்வாகக் குறிப்புபோல இருக்கிறது. ஊர்தோறும் பொது மருத்துவமனை வேண்டும் என்கிறார். கல்லறைத் தோட்டத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்கிறார். நினைவு தப்பி, பேச்சும் நின்ற பிறகு போதகரைக் கூப்பிட்டு அனுப்புகிறவர்களைக் கொஞ்சம் எரிச்சலோடு கண்டித்து, நினைவிருக்கும்போதே அழையுங்கள் என்கிறார்.

கடமைக் கணக்கு எழுத்தில் தெளிவாக இருந்தாலும் நடைமுறை தடுமாறியது. 1542இல் தொடங்கிய ஜெனீவா கொள்ளைநோயில் நோயாளிகள் விடுதிக்குப் போக முன்வந்த போதகர் பியேர் பிளான்ஷே 1543இல் இறந்தார். அடுத்து யார் என்று நகர மன்றம் கேட்டபோது, போவது தங்கள் கடமைதான், ஆனால் அதற்கான மனத்திடத்தைக் கடவுள் தங்களுக்குத் தரவில்லை என்று மற்றப் போதகர்கள் ஒப்புக்கொண்டார்கள். நகரின் சீர்திருத்தத் தலைவர் கால்வினை அனுப்ப வேண்டாம், சபைக்கு அவர் தேவை என்று மன்றமே விலக்கியது. சீர்திருத்தத் திருச்சபையின் எதிரிகள் இதைப் பலகாலம் எள்ளினார்கள். அந்த ஒப்புதல் எள்ளத்தக்கதா என்பது வேறு விஷயம். சிப்ரியானின் காலத்தில் வெட்கமாயிருந்திருக்கும் ஒன்று அங்கே மன்றப் பதிவேட்டில் ஏறியது.

கத்தோலிக்கத் தரப்பில் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ. 1576இல் ஆளுநரும் செல்வர்களும் வெளியேறிய நகரில் அவர் தங்கினார். வீட்டுக்குள் அடைக்கப்பட்ட மக்கள் சன்னல் வழியாகவே திருப்பலி காண, தெருச் சந்திகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். வழிபாட்டையும் விலகியிருத்தலையும் ஒன்றாக நடத்திய அருமையான ஏற்பாடு அது. அவரே வெறுங்காலோடு ஊர்வலங்களையும் நடத்தினார். கூட்டம் சேர்வது நோயைப் பரப்பும் என்று நகரச் சுகாதார அதிகாரிகள் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் நியாயமானதுதான் என்பதை 1630இல் மிலானுக்கு மீண்டும் வந்த கொள்ளைநோய் காட்டியது. அவருடைய உறவினரும் பின்னைய பேராயருமான ஃபெதெரிகோ பொரோமியோ, முதலில் தயங்கிப் பிறகு இணங்கி, சார்லஸின் உடலை ஊர்வலமாகக் கொண்டுபோக அனுமதித்தார். அதன் பின் நோய் பெருகியதை இத்தாலிய எழுத்தாளர் மன்சோனி தம் புகழ்பெற்ற நாவலில் விரிவாகச் சொல்கிறார்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள ஈம் கிராமத்துக்கு 1665 செப்டம்பரில் நோய் வந்தது. லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிமூட்டையோடு அது வந்ததாக வழிவழிச் செய்தி. 1666 ஜூனில் நோய் மீண்டும் வேகமெடுக்க, பங்குக் குரு வில்லியம் மோம்பெசனும், 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டத்தால் பதவி இழந்திருந்த பழைய போதகர் தாமஸ் ஸ்டான்லியும் ஒன்றுசேர்ந்தார்கள். திருச்சபைப் பிளவில் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் இவர்கள். ஊரார் பலருக்கு ஸ்டான்லி மீதே பிடிப்பு. அவர் இல்லாமல் மோம்பெசன் சொல் எடுபட்டிருக்காது. ஊர் எல்லையை யாரும் தாண்டுவதில்லை என்று முடிவாயிற்று. டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். எல்லைக் கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டுச் சாமான் வாங்கினார்கள். ஆலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்த பள்ளத்தாக்கில் தள்ளித் தள்ளி நின்று வழிபட்டார்கள். அவரவர் வீட்டாரை அவரவர் நிலத்தில் புதைத்தார்கள். ஒரு தாய் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துப் புதைத்தார். மோம்பெசன் தம் பிள்ளைகளை முன்பே வெளியூர் அனுப்பியிருந்தார். மனைவி கத்தரீன் போக மறுத்து, ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். நவம்பர் தொடக்கத்தில் நோய் ஓய்ந்தபோது இறந்தவர்கள் சுமார் 260 பேர்.

இந்தத் தியாகத்தைப் பிற்காலம் நிறையவே மெருகேற்றியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் சிலர் எல்லை மூடுமுன்பே போய்விட்டார்கள். ஊருக்குள் நெருங்கியிருந்ததே சாவைக் கூட்டியது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஈம் மக்கள் செய்தது லூத்தரின் கணக்கில் ஒரு புதிய பத்தி. லூத்தர் தன் ஊர் நோயாளியைக் கைவிடாதே என்றார். இவர்கள் அயலூரில் இன்னும் நோயே வராத, முகம் தெரியாத மனிதர்களுக்காகத் தங்கினார்கள்.

2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது இவை அனைத்தும் ஒருசேர மேலெழுந்தன. மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் நின்று, புயலில் சீடர்கள் அஞ்சிய நற்செய்திப் பகுதியை விளக்கினார். 1522 கொள்ளைநோயில் ரோம் தெருக்களில் எடுத்துச் செல்லப்பட்ட சிலுவை அருகே வைக்கப்பட்டிருந்தது. ஆரோக்கியத்தின் பெயரையே தாங்கிய வேளாங்கண்ணி மாதா திருத்தலத்தில் அவ்வாண்டுக் கொடியேற்றம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. லூத்தரின் மடலிலிருந்து ஒரு பத்தி, புகை போடுவதையும் விலகியிருப்பதையும் சொல்லும் பத்தி, பல மொழிகளில் கைபேசிக்குக் கைபேசி தாவியது. ஆலயத்தை மூடச் சொன்னவர்களுக்கு அது வசதியாக இருந்தது. திறக்கச் சொன்னவர்கள், கடமையை விட்டு ஓடாதே என்ற பத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். இரு சாராரும் பாதி மடலைத்தான் படித்தார்கள். நோய்க் காலத்தில் ஆலயக் கதவைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு வந்தாலும், அவர்கள் அந்தச் சிறு மடலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.